நுரை அசனம்

எங்கள் ஊரில் அசனங்களை வருடக் கணக்கு வைத்து யாரும் சொல்வதில்லை. அந்த வருடம் என்ன கெட்டுப்போனதோ, அதுதான் பெயர். பந்தலுக்குள் மழை கொட்டியது மழை அசனம். அண்டா அடிப்பிடித்தது தீய்ஞ்ச அசனம். சோறு வேகாமல் பல்லில் நெறுநெறுத்தது அரிசி அசனம். ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தவையும் எத்தனையோ உண்டு. அவை யாருக்கும் நினைவில்லை. அவற்றை நடத்திய செயலாளர்களையும் யாருக்கும் நினைவில்லை.

என் வீட்டுக்காரர் செயலாளராக இருந்த வருடத்துக்கு நுரை அசனம் என்று பெயர். எனவே இந்த ஊர் அவரை மறக்கப்போவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அசனம் என்பது சபையார் கூடிச் சமைத்து, சாதி மதம் பார்க்காமல் ஊரையே உட்காரவைத்துப் போடுகிற விருந்து. நெல்லைப் பக்கத்துப் பழைய சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஆட்டுக்கறி, சோறு, ரசம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தூக்குவாளியிலும் வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. சர்ச் என்று நாங்கள் சொல்வதில்லை, கோயில்தான். கோயிலும், நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற மேல்நிலைப் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன.

எங்கள் சபையில் அசனத்துக்கென்று இரண்டு கட்டுப்பாடுகள். காணிக்கையாகக் கொடுக்கும் பொருளில் கொடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது. அரிசியோ பருப்போ தேங்காயோ, கோயிலை ஒட்டிய அறையில் யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் வைத்தது என்று கேட்பதும் தப்பு, நான்தான் என்று சொல்வதும் தப்பு. மூட்டை மூட்டையாகக் கொடுத்தவர்கள் மட்டும் அந்த அறை வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, ஐயர் ஜெபிக்கும்வரை ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது. போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஆசீர்வதித்த பிறகுதான் சாப்பாடு சாப்பாடாகும். அதுவரை சமையல்காரர் உப்பைக் கையளவில் போட்டு, ஆவியை முகர்ந்து சரிபார்ப்பார். ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று நானும் வருடாவருடம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயிலும் ஆய்வகமும் ஒத்துப்போகிற சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில வருடங்களாக எனக்கு ஒரு பயம் இருந்தது. அசனம் நெருங்குகிற வாரத்தில் என் சமையலறைச் சாமான்கள் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருக்கும். ஒரு வருடம் துவரம்பருப்பு. ஒரு வருடம் கருப்பட்டி. டப்பா நிறையப் போட்டு வைத்ததாக நன்றாக நினைவிருக்கும், திறந்தால் முக்கால்தான் இருக்கும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எலி வந்தால் தடம் இருக்கும். "வயசாகுதுல்லா, நெனப்பு பெசகத்தான் செய்யும்" என்பார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. என் அம்மா கடைசிக் காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிற என்னைப் பார்த்தே, "நீ யாரு பிள்ள?" என்று கேட்டவள். அந்த வியாதி எனக்கும் இறங்கிவிட்டதோ என்று நான் நிஜமாகவே பயந்தேன். பாத்திரம் கழுவும்போது ஹைட்ரஜன், ஹீலியம் என்று ஆரம்பித்து வரிசையாகத் தனிமங்களைச் சொல்லிப் பார்ப்பேன். துத்தநாகம்வரை தடங்கலில்லாமல் வந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் எழுத்தர். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர். எந்த வேலையையும் கட்டு கட்டி, முடிச்சுப் போட்டு வைக்கிற ஆள். அவரை அசனச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. வாழைத்தண்டு வாங்க அம்பாசமுத்திரம் சந்தைக்கு அவரே போனார். ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டார். பாத்திரங்கள் வாடகைக்குக் கொடுக்கிற பாயைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டதாகவும் கேள்வி. பந்தி நிறைய வேண்டும், ஒரு பழுதும் வரக் கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை. பழுது வராவிட்டால் யாருக்கும் நினைவிருக்காதே என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அசனத்தன்று காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். நான் பெண்களோடு உட்கார்ந்து பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து சமையல்காரர் அலறினார்.

"டீச்சரம்மா! ரசம் பொங்கி வழியுது! இதுக்கு இன்னும் அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள பொங்குது!"

ஓடிப் போய்ப் பார்த்தால், புளி கரைத்து வைத்திருந்த பெரிய அண்டா நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அடியில் விறகுகூட அடுக்கவில்லை. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையில் ஓடி, பக்கத்தில் நின்றிருந்த பொருளாளரின் புதுச் செருப்பை நனைத்தது. பொருளாளர் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அம்மா இது சாத்தான் வேலை என்றார். சாத்தானுக்கு ரசத்தில் என்ன சோலி என்பதுபோல ஐயர் அவரைப் பார்த்தார்.

"என்னத்த போட்டிய அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"உப்புதான் தாயி. இந்தா, இந்தப் பேசின்ல இருக்கே, இது." அலுமினியப் பேசின் ஒன்றைக் காட்டினார். அதில் வெள்ளை வெளேரென்று பொடி. "காணிக்கை ரூம்ல ஒரு பையில கெடந்துச்சு. கல் உப்பு மூட்டை கறி அடுப்புப் பக்கம் கெடக்கு. இது கைக்கு எட்டுற தூரத்துல இருந்துதா, தட்டி வச்சேன்."

"எவம்லே இந்த வேலையப் பார்த்தது?" என்று என் வீட்டுக்காரர் பந்தல் அதிரக் கத்தினார். "உப்புன்னு சொல்லி எதக் கொண்டுவந்து வச்சிருக்கான்? வச்சவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

"கேக்கக் கூடாதுல்லா," என்றார் ஐயர் மெல்ல.

ரசம் போனால் போகட்டும், ஒரு அண்டா புளித்தண்ணீர்தானே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கறி அண்டாக்கள் மூன்று, மஞ்சளும் உப்பும் போட்டு விடியுமுன்னேயே அடுப்பில் ஏற்றியவை, கொதித்துக்கொண்டிருந்தன. அதில் எந்த உப்பைப் போட்டோம் என்று அவருக்கு நினைவில்லை.

"இருட்டு, புகை வேற. கரண்ட் இல்ல. மூட்டையிலருந்துதான் அள்ளினேன்னு நெனைக்கேன். பேசின்லருந்து அள்ளலன்னு சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியமே பண்ணக் கூடாது," என்றார் ஐயர் மறுபடியும்.

என் வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. அந்த மூன்று அண்டாவும் போனால் அசனமே இல்லை. சனம் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. கேட்டுக்கு வெளியே ஆட்டோவிலிருந்து பாயின் குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்து எதையோ தட்டினார். "வாந்தி பேதின்னு போட்டிருக்கு," என்றார். எதைத் தட்டினார் என்று கேட்டேன். 'உப்பு மாதிரி பொடி' என்று தட்டியிருந்தார்.

நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது என்று யாரோ சொன்னார்கள். ஐயர் கொஞ்சம் யோசித்தார். "நான் இப்பவே ஜெபம் பண்ணிருதேன். செயலாளர் ருசி பாக்கட்டும்," என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆயுள் காப்பீட்டுக் கவலையெல்லாம் இருந்தது. என்னவென்று தெரியாத பொடியை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது, ஜெபித்தாலும் கூடாது என்று சொல்லிவிட்டு, பொடியில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு ஆய்வகத்தைத் திறக்கப் போனேன். பின்னாலேயே அவரும் ஐயரும் வந்தார்கள்.

இங்கே என் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து மாறும்போது எதுவும் புதிதாக முளைப்பதில்லை, எதுவும் இல்லாமல் போவதுமில்லை. உள்ளே இருக்கிற அணுக்கள் எழுந்து இடம் மாறி உட்காருகின்றன, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் ஒரு மாமா வந்து நுழைந்ததும் நாலு பேர் எழுந்து இடம் மாறுவார்களே, அதுபோல. சில பேர் கோபித்துக்கொண்டு வெளியேயும் போய்விடுவார்கள். வெளியே போகிறவரைப் பார்த்து, உள்ளே யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதுதான் நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வித்தை.

சோதனைக் குழாயில் பொடியைப் போட்டு நீர்த்த அமிலம் விட்டேன். சீறிக்கொண்டு நுரைத்தது. வெளியே வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினேன். பாலாகத் திரண்டது. புளியில் இருக்கிற அமிலத்தில் பட்டதும் இந்த வாயுதான் அண்டாவிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறது. ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"சோடாவேதான்," என்றேன். "ஆப்பச் சோடாவா, சலவைச் சோடாவான்னு பாக்கணும்."

"ஆப்பச் சோடாவாத்தான் இருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர் அவசரமாக. "அது வயித்துக்கு நல்லதுல்லா? சீரணத்துக்கு நல்லது. கறிக்கும் நல்லது, சீக்கிரம் வேகும்."

"நீங்க சொல்றதுக்காக அது மாறாது."

மக்னீசியம் சல்பேட் கரைசலை எடுத்தேன். ஆப்பச் சோடாவாக இருந்தால் குளிர்ந்த நிலையில் தெளிவாகவே நிற்கும், சூடு காட்டினால்தான் கலங்கும். சலவைச் சோடாவாக இருந்தால் விட்ட உடனே வெள்ளையாகத் திரியும். ஒரு சொட்டுதான் விட்டேன். மோர் மாதிரி ஆகிவிட்டது.

துணி துவைக்கிற சோடா. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பையையாவது போய்ப் பார்க்கிறேன், யார் வீட்டுப் பை என்று தெரிந்துவிடும் என்று ஆவேசமாக எழுந்து காணிக்கை அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஆள் மாறியிருந்தார்.

"பை கெடச்சுதா?" என்றேன்.

"மஞ்சப்பை. எல்லார் வீட்டுலயும் இருக்கதுதான்." தொண்டையைச் செருமினார். "அது யாரா இருந்தா என்ன. பாவம், தெரியாம வச்சிருப்பாங்க. மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்."

பக்கத்தில் ஐயர் நிற்பதால் நல்ல குணம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ஐயருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இனி கறிதான் கேள்வி. அடுப்படிக்குத் திரும்பி, மூன்று அண்டாவிலிருந்தும் ஒவ்வொரு கரண்டிச் சாறு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினேன். மசாலா இன்னும் போடவில்லை, மஞ்சள் மட்டும்தான். தட்டில் சாறு பூவரசம்பூ நிறத்தில் இருந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு தட்டில் மட்டும் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைத் தூவினேன். மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது.

"வெள்ளைச் சட்டையில கொழம்பு பட்டு, சோப்பு போட்டா செவக்குமே, அதுவா டீச்சர்?" என்றாள் இலை நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்.

"அதேதான். இந்தச் சோடா அண்டாவுக்குள்ள போயிருந்தா கறித்தண்ணி இந்நேரம் செக்கச் செவேர்னு நிக்கும். மஞ்சளா இருக்கு. போகல."

ஸ்தோத்திரம் என்று நாலு பக்கமும் கேட்டது. சமையல்காரர் அழுதேவிட்டார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், செருப்பு நனைந்த பொருளாளர், "கொஞ்சூண்டு விழுந்திருந்தா செவக்குமா?" என்று கேட்டார். பொருளாளர்களை இதற்காகத்தான் தேர்ந்தெடுக்கிறோம். கேள்வி நியாயமானது. அதோடு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. கிண்ணத்தின் அடியில், பொடியோடு பொடியாகக் கண்ணாடிச் சில் மாதிரி சில மணிகள் கிடந்தன. அமிலத்தில் பொடி நுரைத்தபோது அவை நுரைக்காமல் சும்மா கிடந்தன. இன்னொரு ஆள் உள்ளே இருக்கிறான்.

மறுபடியும் ஆய்வகம். இந்த முறை அவர் உள்ளே வரவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். ஐயர் மட்டும் ஆர்வமாக உள்ளே வந்தார். அந்த மணிகளைப் பொறுக்கி ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அடர் அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்து, ஜன்னலைச் சாத்தி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினேன்.

சுடர் எழுந்தது. அதன் ஓரமெல்லாம் பச்சை. கிளிப் பச்சை.

"என்ன அழகு," என்றார் ஐயர்.

பச்சை ஓரம் என்றால் வெண்காரம், அதாவது போராக்ஸ். சலவைச் சோடாவும் வெண்காரமும் கலந்த பொடி. அதை இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் கொடுப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. அந்த வெளுப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்காத பெண் எங்கள் சபையில் கிடையாது. சொன்னதே இல்லை. நானே பங்கு பார்த்துக் கலந்து, பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எங்கள் சமையலறையின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிற பொடி அது.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். அவர் உத்தரத்தில் ஓடுகிற பல்லியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று அண்டாவின் சாற்றையும் தனித்தனியாக வற்றவைத்து, அதே மாதிரி தீ வைத்துப் பார்த்தேன். மூன்றும் நீலமும் மஞ்சளுமாக எரிந்து அணைந்தன. பச்சையின் வாடைகூட இல்லை. வெளியே வந்து, கறியை எல்லோரும் தாராளமாகச் சாப்பிடலாம், ரசத்தை மட்டும் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் விட்ட பெருமூச்சில் பந்தல் துணி ஆடியது.

பொருளாளர் விடுகிற மாதிரி இல்லை. "இவ்வளவும் கண்டுபிடிச்சிட்டிய. வச்சது யாருன்னு தெரியலியா டீச்சர்?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரே ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் என் தட்டிலிருந்த சாறு மாதிரி சிவந்திருந்தன.

"அது சோதனையில வராது சார்," என்றேன். "வந்தாலும் சொல்லக் கூடாதுன்னு சபையிலயே சட்டம் இருக்குல்லா."

ஐயர் அதைப் பலமாக ஆமோதித்தார். பந்தி போட்டார்கள். கறி நன்றாக இருந்தது, அரிசியும் நன்றாக வெந்திருந்தது. பாய் குடும்பம் இரண்டு தூக்குவாளி வாங்கிக்கொண்டு போனது. ரசம் மட்டும் இல்லை. கை கழுவுகிற குழாயடியில் யாரோ ஒரு குறும்புக்காரர் நுரை அசனம் என்று சொல்ல, பாயசம் பரிமாறி முடிவதற்குள் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்தேன். இரண்டிலும் வெள்ளைப் பொடி.

"இதுல உப்பு எது? சொல்லுங்க."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நனைத்துக்கொண்டு தொடப் போனார். கையில் ஒரு அடி போட்டேன்.

"நாக்குல வைக்கக் கூடாது."

"பொறவு எப்படிக் கண்டுபிடிக்கதாம்?"

"கட்டுன பொண்டாட்டிகிட்ட கேட்டுக் கண்டுபிடிக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் மெதுவாக மற்ற கணக்கெல்லாம் என் தலையில் கூடிக்கொண்டிருந்தது. எதுவும் இல்லாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது என்று வகுப்பில் ஓயாமல் சொல்லுகிறவள் நான். என் துவரம்பருப்பு எங்கே போனது? என் கருப்பட்டி எங்கே போனது?

"பருப்பும் நீங்கதானா?"

தலையை ஆட்டினார்.

"கருப்பட்டி?"

அதற்கும் ஆட்டினார். "இந்த வருசம் செயலாளர் வேற. வெறுங்கையா நிக்க முடியுமா? பருப்புல கை வச்சா நீ டப்பாவ ஆட்டி ஆட்டிப் பாக்க. உப்பு கொறஞ்சா யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்."

"என்கிட்ட கேட்டா நான் தராமலா இருப்பேன்?"

"கேட்டா உனக்குத் தெரிஞ்சிரும்லா? யாருக்கும் தெரியக் கூடாதுங்கதுதான காணிக்கை."

"எனக்கு மறதி வந்துட்டுன்னு சொன்னியளே. வயசாகுதுன்னு சொன்னியளே. அம்மா மாதிரி ஆயிருவனோன்னு நான் பயந்து செத்துட்டு இருந்தேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "பயந்தியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் சும்மா வெளையாட்டுக்குல்லா சொன்னேன்," என்றார். எனக்கு அவர்மேல் பத்திக்கொண்டு வந்தது. அதே சமயம், அம்மாவின் வியாதி எனக்கு இல்லை என்ற நினைப்பில் உடம்பெல்லாம் லேசாகி, அழுகையாக வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து பார்த்தால், சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் கோர்ட்டுக் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. உப்பு. சீனி. பச்சரிசி மாவு. கீழ்த்தட்டில் இருந்த சலவைப் பொடி டப்பாவில், 'இது உப்பு இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்.

இந்த வருடம் செயலாளர் வேறொருவர். அசனத்துக்கு முந்தின வாரம் துவரம்பருப்பு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். முக்கால்தான் இருந்தது. வாங்கும்போதே இரண்டு படி கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.